தலைப்பாகைக்குக் கீழே அப்பா

தெமோதரை
12.05.2024

அன்புத் தங்கை பாக்கியத்துக்கு,

அண்ணன் நல்லையா எழுதுகிறேன். என் கையாலேயே எழுதுகிறேன், நம்பு! அறுபத்தெட்டு வயதில், ஜெயந்தினி டீச்சரின் மாலை வகுப்பில் படித்தேன். இந்தத் தாளை நிரப்ப மூன்று நாளாயிற்று. கை வலித்தாலும் சிரிப்பாக வருகிறது.

ஒரு சங்கதி. கோயில் மண்டபத்தில், நம் தேயிலைத் தோட்டத்து ஆட்களை மேய்த்த பெரிய கங்காணியின் படம் வைத்துவிட்டார்கள். செய்வித்தது பண்டாரவளையில் இருக்கும் அவருடைய பேரன்மார். அவர்களிடம் இருந்த ஒரே போட்டோவில் பூஞ்சை பிடித்து முகமே இல்லை. தலைப்பாகையும் கோட்டும்தான் மிச்சம். படம் வரையும் ஜெயகுமார் என்னிடம் வந்து, "அவரு வீட்டுல வேல செஞ்சவங்கள்ல நீங்க மட்டுந்தான் இருக்கீங்க. முகம் எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டான்.

நான் அப்பாவின் முகத்தைச் சொன்னேன்.

இடது புருவத்து வெட்டு, ஒட்டிய கன்னம், எல்லாம் சொன்னேன். அப்பாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாதே. பஞ்சத்தில் மாவு கேட்டதற்காக அவரைப் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் அடித்து, லயத்தைவிட்டே துரத்திய ஆளின் இடத்தில் இப்போது அப்பா! படத்தைப் போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துச் சந்தோஷப்படு.

உன் அண்ணன்
நல்லையா

கோத்தகிரி
03.06.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். படத்தை அப்படிச் செய்ய முடியவில்லை.

ஆறு வயதில் அத்தையோடு கப்பலேறியவள் நான். அப்பாவின் முகம் எனக்கு ஞாபகமில்லை. துரத்திய அன்று சாக்கைப் போர்த்திக்கொண்டு மழையில் ஸ்டேஷன் பக்கம் நடந்து போனாரே, அந்த முதுகுதான் ஞாபகம். மறுநாள் பிணமாகத்தான் கொண்டுவந்தார்கள்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அண்ணே, அதற்கு மாலை போடுகிறவர்கள் யாரைக் கும்பிடுகிறார்கள்?

தங்கை
பாக்கியலெட்சுமி

தெமோதரை
21.07.2024

பாக்கியத்துக்கு,

கங்காணியைத்தான் கும்பிடுகிறார்கள்.

"எம்புட்டு சாந்தமான முகம்! இவரா ஆள அடிச்சிருப்பாரு? கெழடுக கட்டிவிட்ட கத" என்கிறாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் விஜயலெட்சுமி. அடிபட்டவர்களில் யாரும் உயிரோடு இல்லை. முந்தாநாள் ஆடி வெள்ளிப் பூசையில் படத்தில் இருப்பது என் அப்பாவின் முகம் என்று எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். சிரித்தார்கள். "தாத்தாவுக்கு எழுத்து வந்ததும் பெரிய எடத்துச் சொந்தமும் வந்துருச்சு" என்றான் தோட்டத்துப் பொடியன் சதீஸ்குமார்.

அப்பாவின் முகத்தைக் கொடுத்து அந்த ஆளை நல்லவராக்கிவிட்டேன்.

மண்டபத்தில் எந்த மூலையில் நின்றாலும் அந்தக் கண் என்னையே பார்க்கிறது. கண்ணை மூடினால் அப்பா கோட்டோடு வருகிறார். கையில் பிரம்பு. படத்தில் பிரம்பே இல்லை, பாக்கியம். கோட்டில்லாத அப்பாவை எவ்வளவு யோசித்தாலும் வரமாட்டேன் என்கிறது.

உன்னிடம் இருக்கிற அந்த முதுகை யாரிடமும் சொல்லாதே, அதைப் பற்றி எனக்கும் இனி எழுதாதே. சாக்கைப் போர்த்திக்கொண்டு மழையில் போகிறாரே, அவர் திரும்பிப் பார்க்காமலே போகட்டும்.

நல்லையா