சாமி என்று ஒருவரைத்தான்

1931 மார்ச் 1, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். இடது கடைவாய்ப் பல் குத்தல், கிராம்பு வைத்தேன். ஆராதனைக்கு ஆண் 9, பெண் 14.

பிரசங்கம்: நம் ஆண்டவருடைய பட்டப் பெயர்கள். கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஆண்டவர், கர்த்தர், ராஜா, மேய்ப்பர், மீட்பர். கர்த்தர் என்றால் நம்மை உடையவர், அவரைத் தவிர நமக்கு வேறு உடையவர் கிடையாது என்று விளக்கம். பசுமலை வேதப் பள்ளியில் படித்தது வீண்போகவில்லை என்று எனக்கே ஒரு மிதப்பு.

முடிந்ததும் யாக்கோபு தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். போன கிறிஸ்துமசுக்கு ஞானஸ்நானம் பெற்றவன். பண்ணைக் கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கிறவன்.

"அப்ப பண்ணையார இனிமே சாமின்னு கூப்புடக் கூடாதாங்கய்யா?"

"சாமி ஒருத்தர்தான் யாக்கோபு."

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவன் பெண்சாதி மரியாள் அவன் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

மார்ச் 3, செவ்வாய்

பள்ளிக்கு வந்தது 17. சிலேட் இரண்டு உடைசல். சாக்பீஸ் தீர்ந்தது. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

பண்ணைக் கணக்கப்பிள்ளை வாசலில் நின்று குரல் கொடுத்தார். உள்ளே வரமாட்டார்.

"உபதேசியாரே, ஒங்க ஆளு இன்னைக்குப் பண்ணையார ஐயாங்கிறான். அவரு மூணு தடவ காது கேக்காத மாதிரி இருந்தாரு. அவனும் மூணு தடவையும் ஐயாதான்."

ஐயா என்பதும் மரியாதைதானே என்றேன்.

"நீங்க சொன்னா மரியாதை. அவன் சொன்னா திமிரு."

உள்ளுக்குள் சந்தோஷம். போதகருக்குக் கடிதம்: 'விதை முளைத்திருக்கிறது.' அந்த வரியை அழகாக்க நாலு தடவை திருத்தினேன்.

மார்ச் 5, வியாழன்

யாக்கோபு தெருப் பக்கம் வரும் வாய்க்காலைப் பண்ணை ஆட்கள் அடைத்துவிட்டார்கள். குடிக்க, சமைக்க எல்லாம் அந்தக் கமலைத் தண்ணீர்தான். ஊர்க் கிணற்றில் இந்தத் தெருக்காரர்கள் வாளி விட முடியாது. இறைப்பது இன்னமும் யாக்கோபுதான்; அவ்வளவும் மிளகாய்த் தோட்டத்துக்குப் போகிறது. பெண்கள் கண்மாய்க் குட்டையில் அள்ளுகிறார்கள். மாடு கலக்கிய தண்ணீர்.

ஒருத்தி என் முகத்துக்கு நேரே: "ஒத்த வார்த்தைக்கு அம்புட்டுப் பேரும் நாக்கு வறண்டு சாகணுமா?"

என் வீட்டுக்கு மட்டும் கணக்கப்பிள்ளை ஒரு குடம் அனுப்பினார். வாங்கிக்கொண்டேன். பாதியை மரியாளிடம் கொடுத்தேன், பாதி எனக்கு.

'வெறும் வார்த்தைதானே, கூப்பிட்டுத் தொலை' என்று சொல்லத்தான் யாக்கோபு குடிசைக்குப் போனேன். வாய் வரவில்லை. அவன் மகள் ரூத், இரண்டு வயது, சுருண்டு படுத்திருந்தாள். காலையிலிருந்து வயிற்றுப்போக்காம்.

மார்ச் 7, சனி

ரூத்துக்கு வாந்தியும் சேர்ந்துகொண்டது. கண் உள்ளே போய்விட்டது. பேரையூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி வேண்டும். வண்டி இருப்பது பண்ணையில்.

போனேன். யாக்கோபும் வந்தான், வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்; உள்ளே பேசுவது அங்கே கேட்கும்.

பண்ணையார் கோபப்படவே இல்லை. வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார். "சொல்லிக் குடுத்தது நீங்க. நீங்களே சொல்லிருங்க. வாய்க்காலத் தொறந்து விடச் சொல்றேன்."

"தண்ணி விடச் சொல்லுங்க, சாமி."

"கேக்கல."

"சாமி."

இரண்டாவது தடவை கை தானாகக் கூப்பிக்கொண்டது. கும்பிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பாதி வழி வந்த பிறகுதான் வண்டி ஞாபகம். கேட்கவே இல்லை. அவமானத்தில் மறந்துபோனேன். திரும்பிப் போயிருக்கலாம். இன்னொரு தடவை அந்த முற்றத்தில் நிற்க முடியாது என்று தோன்றிவிட்டது. யாக்கோபு முன்னால் நடந்துகொண்டிருந்தான்.

சாயங்காலம் வாய்க்காலில் தண்ணீர். பெண்கள் என்னைக் கும்பிட்டார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனை இல்லை. விடியும்போது ரூத் போய்விட்டாள்.

ஓடைக் கரையில் குழி. வெட்டியது யாக்கோபுதான். தெருவில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் வாந்திபேதிக்குப் பயந்து எட்டியே நின்றார்கள். வெயில் ஏறிவிட்டது. ஜெபப் புத்தகத்தைத் திறந்து, 'ஆண்டவரே' என்று வாயெடுத்தேன். யாக்கோபு மண் ஒட்டிய கையை நீட்டி மறித்தான்.

"வேணாங்கய்யா. நீங்க அவரக் கூப்புடாதீங்க. எம்புள்ளைக்கு நானே கூப்புட்டுக்கிறேன்."

குழியைப் பார்த்து நின்றான். "சாமி" என்றான். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும். மரியாள் குனிந்து மண்ணை அள்ளிப் போட்டாள். நானும் போட்டேன்.