ஆறாம் குழியில் கிடந்த பந்து யாருடையது?

டிரம்காரிக், மே 14

அன்பு மகள் இஷ்பெலுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் சௌக்கியம், குடிக்கக் கிளம்பும்போது அந்த முழங்காலும் சௌக்கியமாகிவிடுகிறது. நீங்கள் இருவரும் நியூசிலாந்துக் குளிருக்கு ஒழுங்காகக் கம்பளி போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய சிவப்பு நகப்பூச்சைப் பூசிக்கொண்டேனா என்று கேட்டிருந்தாய். அறுபத்தெட்டு வயதில், கோழிக்கூண்டு கழுவுகிற கையில் அதை எங்கேயடி பூச? ஆனாலும் அதற்கு ஒரு உபயோகம் வந்தது, கடைசியில் சொல்கிறேன்.

அதே கடிதத்தில், நானும் உன் நெட்டா பெரியம்மாவும் பேசிக்கொண்டால்தான் ஆகஸ்டில் இங்கே வந்து கல்யாணம், இல்லாவிட்டால் அங்கேயே இரண்டு சாட்சிகளை வைத்து முடித்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கோபம், மூன்றாம் நாள் அழுகை. பெற்ற ஒரே பெண்ணின் கல்யாணத்தை நான் ஃபோட்டோவில் பார்க்க வேண்டுமா? அதற்காக நானாகப் போய் அவளிடம் வாயைத் திறப்பேனா? ஆறு வருஷத்துக்கு முன்னால், ஊரே வேடிக்கை பார்க்க, கோல்ஃப் கோப்பை ஆட்டத்தில் கடைசிக் குழிக்கு ஒரு சாண் தூரத்தில் என் பந்து நின்றது. அந்தத் தூரத்தை நம் ஊரில் பிறந்த எவனும் எதிராளியை அடிக்க விடமாட்டான், குழியில் விழுந்ததாகவே வைத்து, "எடுத்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கை கொடுப்பான். என் கூடப் பிறந்தவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அடித்தேன், தவறியது, அன்றைக்கு நின்றதுதான் பேச்சு.

இந்த வருஷக் கோப்பைக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, மற்றவர்களெல்லாம் தோற்றுப் போக, கடைசி ஆட்டம் எனக்கும் அவளுக்கும் என்று வந்தது. குலுக்கிய செயலாளர் ஹெக்டர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். நம் மலைதான் உனக்குத் தெரியுமே, 1891-இல் ஏதோ ஒரு பாதிரியார் ஆடுகளைக் கேட்டு அமைத்த ஒன்பது குழி மைதானம், வெளியூர்க்காரன் வழி தவறினால்தான் வந்து சேருவான். ஆடுகள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டு நம் ஒவ்வொரு அடிக்கும் அபிப்பிராயம் சொல்கின்றன. சனிக்கிழமை காலை, தூறலில் ஆரம்பித்தோம். தொடங்குமுன் பந்தைக் காட்டி, என்னுடையது இந்த எண் என்று எதிராளியிடம் சொல்ல வேண்டும் அல்லவா? பேசாதவர்கள் எப்படிச் சொல்வோம்? அவள் தலையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன், ஆடத் தொடங்கிவிட்டோம். அங்கேதான் உன் கைங்கரியம். கிறிஸ்துமஸுக்கு எனக்கொரு பெட்டி, அவளுக்கொரு பெட்டி என்று பந்து அனுப்பினாயே மகராசி, இரண்டிலும் எல்லாப் பந்தும் மூன்றாம் எண்.

ஐந்து குழி வரை சமம். ஆறாவது, பாறைக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கே தெரியாத குழி. கீழேயிருந்து, பாறைமேல் திசைக்காக நட்ட கம்பத்தைப் பார்த்து அவள் ஒரு அடி, நான் ஒரு அடி. மூச்சு வாங்க ஏறிப் போனால் மேலே ஒரு பந்தையும் காணோம். அவள் பெரணிப் புதருக்குள் தலையை விட்டாள், நான் எதற்கும் பார்ப்போமே என்று கொடி நட்டிருந்த குழிக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு பந்து, மூன்றாம் எண். அவள் புதரிலிருந்து ஒரு மூன்றாம் எண்ணோடு வெளியே வந்து என் கையைப் பார்த்தாள். ஆறு வருஷம் கழித்து என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சைக் கேள்: "ஏய் ரோனா, அதக் கீழ போடு, அது என்னோடது!"

எனக்கும் வாய் வந்தது பார். "உன்னோடதா? எந்த ஊர்ல?" என்றேன். "பொறந்ததுலேர்ந்து உன் பந்து புதர்லதாண்டி விழுது" என்றாள் அவள். கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டு வந்தவளுக்கு ஆடு எது ஹெக்டர் எது என்று தெரியாது, பந்தைக் கண்டாளாம். அப்படியே பேச்சு வளர்ந்து எங்கள் அம்மா விட்டுப்போன சூப்புச் சட்டிக்குப் போனது, உன் அப்பா அவள் வேலியில் கார் விட்டதற்குப் போனது, கடைசியில் அந்த ஒரு சாணுக்கு வந்து நின்றது. "எடுத்துக்கோன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன், உனக்குத்தான் பொறுக்கல, அதுக்குள்ள அடிச்சுத் தொலைச்சே!" என்று கத்தினாள். கத்தும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. நிஜமோ பொய்யோ, எனக்கும்தான் கலங்கியது.

இந்த அமளியில், முடிந்ததும் கீழே இருப்பவர்களுக்கு மணி அடிக்க வேண்டும் என்பதை இருவரும் மறந்தே போனோம். அரை மணி நேரம் மழையில் நின்ற ஹெக்டர், ஒருத்தி இன்னொருத்தியைக் கொன்றுவிட்டாள் என்றே நினைத்து, பயந்து பயந்து பாறைமேல் தலையை நீட்டி, "ரெண்டு பேரும் உயிரோடதான் இருக்கீங்களாம்மா?" என்றார். "இருக்கோம், பேசிட்டிருக்கோம், போய் நில்லுய்யா!" என்று நெட்டா விரட்டினாள். அவர் விடாமல் இருவரிடமும் அடையாளம் கேட்டார். யாரும் சொல்லவில்லை. தன் பந்து எது என்று தெரியாவிட்டால் இரண்டும் தொலைந்த பந்துதான், குழி சமம் என்று தீர்ப்புச் சொன்னார். நெட்டா திட்டிக்கொண்டே போய் மணிக்கயிற்றை இழுத்தாள், நான் அந்தப் பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மீதி மூன்று குழியும் அவள் வாய் ஓயவில்லை. உன் கல்யாணத்துக்கு நீலத் தொப்பியா பச்சைத் தொப்பியா, பழக்கேக்கைத் தானேதான் சுடுவாள், நான் அடுப்புப் பக்கமே வரக் கூடாது. ஏழாவது சமம், எட்டாவது குழி அவளுக்குப் போயிற்று. கடைசிக் குழியில் என் பந்து ஏறக்குறைய அதே இடத்தில், ஒரு சாணில் வந்து நின்றது. நான் குனியுமுன்பே, கீழே சாலை வரை கேட்கிற மாதிரி, "எடுத்துக்கோ!" என்றாள். அந்தக் குழி சமம், கோப்பை அவளுக்கு. தோற்றுவிட்டு இவ்வளவு சந்தோஷமாக நான் வீடு வந்ததே இல்லை, அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஆகவே டிக்கெட்டைப் போடு. இதோடு வருகிற பார்சலில் சாம்பல் நிறக் காலுறைக்குள் ஒரு பந்து இருக்கும். மூன்றாம் எண்ணுக்குக் கீழே பார், கடுகளவு சிவப்புப் பொட்டு தெரியும். உன் நகப்பூச்சுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி என் பந்து எல்லாவற்றுக்கும் நானே வைத்தது. ஹெக்டர் அடையாளம் கேட்டபோது அதைக் காட்டியிருந்தால் அவள் அடுத்த நிமிஷமே வாயை மூடிக்கொண்டிருப்பாள், அடுத்த ஆறு வருஷத்துக்கு. நீயா பந்தா என்று எனக்கு யோசிக்க நேரம்கூட எடுக்கவில்லை. அதற்காக வயிறு எரியவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே, நன்றாகவே எரிகிறது.

பெரியம்மாவிடம் மூச்சு விடாதே. கேக் வெட்டி முடிந்ததும் நானே சொல்லிக்கொள்கிறேன், அதற்கு மேல் என்னால் தாங்காது. பந்தை மறக்காமல் திரும்பக் கொண்டுவா. கடவுள் உங்கள் இருவரையும் நல்லபடியாக வைத்து, பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

அறுபது வருஷ ஆட்டத்தில் ஒரே ஒரு முறை ஒரே அடியில் பந்தைக் குழியில் போட்டவளும், அதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாதவளுமான
உன் அம்மா,
ரோனா