பாம்பன் லைனில் விழுந்த பறவைகள்

பிப்ரவரி 3, 2025

பிரபு துணை மின் நிலையத்துக்கு வந்திருந்தான். என்னிடம் வேலை பழகியவன். இப்போது எனக்கு மேலதிகாரி. இன்னும் 'அண்ணே' என்கிறான். அதிலும் ஒரு கருணை. பாம்பனுக்குப் போகும் மின் லைனைக் காக்க ஒரு செயற்கை நுண்ணறிவு வைத்திருக்கிறார்களாம். மின்சாரம் ஏன் நின்றது என்று சொல்லுமாம். எதை வைத்துச் சொல்கிறது என்றும் காட்டுமாம்.

"காரணம் சொல்ற மெஷின்ணே."

இருபத்தாறு வருடமாக இந்த நிலையத்தின் பதிவேட்டில் நானும் காரணம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குத் திரை இல்லை, அதுதான் குறை.

பிப்ரவரி 11

ஒரே வாரத்தில் மூன்றாவது தடவை லைன் நின்றது. மூன்றும் விடியற்காலை. திரையில்: "பறவை — 91 சதவீதம். மீண்டும் மின்சாரம் விடலாம்."

லைன்மேன் யேசுதாஸ் கம்பங்களைப் பார்த்துவிட்டு வந்தான். "ஒரு இறகுகூட கிடக்கல சார். செத்தப்புறமும் பறந்து போயிருச்சோ?"

எனக்குத் தெரியும். கடல்காற்றில், கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான்களில் உப்பு படிகிறது. பனியில் நனைந்தால் அதன் வழியே மின்சாரம் பாயும். கழுவ வேண்டும் என்று 2011இல் மேலிடத்துக்கு நான்கு பக்கம் எழுதினேன். பதில் இல்லை. இப்போது ஏன் சொல்ல வேண்டும்? மெஷினையே கேட்கட்டும்.

பிப்ரவரி 12

'ஆதாரம்' என்ற பொத்தானை அழுத்தினேன். இதைப் போன்ற பழைய பதிவுகள்: 412. முதலாவதைத் திறந்தேன். "பறவை." என் கையெழுத்து. இரண்டாவதும். பத்தாவதும்.

2011க்குப் பிறகு வந்த வீம்பு. உப்பு என்றால் விளக்கம் கேட்பார்கள். பறவை என்றால் யாரும் கேட்பதில்லை. பறவையும் வந்து மறுப்பதில்லை.

இத்தனை வருடத்தில் என்னை முழுதாக நம்பியது இந்த மெஷின் ஒன்றுதான்.

பிப்ரவரி 13

யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 19

காலை 6.25. "பறவை — 94. விடலாம்."

போனில் பிரபு: "மெஷினே சொல்லுதுல்ல, விடுங்கண்ணே! ஐஸ் பேக்டரிக்காரன் உசிர வாங்குறான்."

கை சுவிட்சில் இருந்தது. அது பறவை இல்லை என்று எனக்குத் தெரியுமே. விடவில்லை. லைனைப் பார்க்கச் சொன்னேன்.

இருபது நிமிடத்தில் யேசுதாஸ் போனில் கத்தினான்: "சார், விட்றாதீங்க! பீங்கான் வெடிச்சு, கம்பி அறுந்து மணல்ல கிடக்கு. கருவாடு காயப்போடுற பொம்பளைக பக்கத்துல நிக்கிறாக. எம்பொண்டாட்டியும் நிக்கிறா சார்."

விட்டிருந்தா? பறவைன்னு எழுதியிருப்பேனா?

பிப்ரவரி 20

"பறவைன்னே போட்டுருங்கண்ணே, எதுக்கு வம்பு" என்கிறான் பிரபு.

உப்பு என்று எழுதினேன். கீழே: "முந்தைய 412 பதிவுகளில் பெரும்பாலானவை பொய். எழுதியவன் நான்."

மார்ச் 6

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பதினான்கு வருடத்தில் மேலிடம் எனக்கு எழுதிய முதல் கடிதம். இனிப் பதவி உயர்வு கிடையாதாம். இதுவரை இருந்தது போல.

பழைய பதிவுகளை நானே திருத்தித் தர வேண்டும். பீங்கான்களைக் கழுவும் யோசனை பிரபுவுடையதாம்.

ஏப்ரல் 2

திருத்திய பதிவுகளை மெஷினுக்குப் படிக்கக் கொடுத்துவிட்டார்கள். கழுவிய பிறகு லைன் நிற்கவே இல்லை, இன்று காலை வரை. திரையில்: "உப்பு — 93."

கம்பத்தடியிலிருந்து போனில் யேசுதாஸ்: "சார், நெசமாவே ஒரு காக்கா கிடக்கு!"

பதிவேட்டில் 'பறவை' என்று எழுதினேன். யார் நம்புவார்கள்? காக்காயைப் பையில் போட்டு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.