பெயர் பொருந்தாதவர் பட்டியல்

மூச்சு வாங்காத இடத்தில் இருக்கும் என் நைனாவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சேர்ந்தாற்போல நாலு வாக்கியம் பேசாதவள், இப்போது ஊரே படிக்கிற இடத்தில் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். ஏன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தக் கடிதத்தில் உன் பெயர்களை மாற்றி வைத்திருக்கிறேன். உனக்கு ஏற்கெனவே இரண்டு பெயர், வீட்டில் ஒன்று, மைன்ஸில் ஒன்று. இங்கே வீட்டுப் பெயரை ஏழுமலை என்றும் மைன்ஸ் பெயரைக் கோவிந்தசாமி என்றும் எழுதுகிறேன். ஆக மொத்தம் நாலாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே, அம்மா போட்ட நிபந்தனை இது.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தாத்தா கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்து செத்தபோது மைன்ஸ் கம்பெனி அவருடைய மூத்த மகனுக்கு வேலை கொடுத்தது. அவர்தான் நிஜமான கோவிந்தசாமி, என் பெரியப்பா. முதல் நாள், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜ் கீழே விழுகிற வேகத்தில் அவருக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. மேலே ஏறி வந்தவர் வாந்தி எடுத்தார், மறுநாள் வேலூருக்கு ரயிலேறிவிட்டார். ஆள் போகாவிட்டால் வேலை போய்விடும். பதினேழு வயதில் நீ அண்ணன் பெயரில் பதிந்த வேலை டோக்கனை எடுத்துக்கொண்டு அடுத்த ஷிப்டுக்குப் போய் நின்றாய்.

வருகை பதிகிற டைம் ஆபீசில் இருந்தவர் டோக்கனையும் உன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, "நேத்து மீசை இருந்துச்சே?" என்றாராம். "ஷேவ் பண்ணிட்டேன் சார்" என்றாயாம். அவ்வளவுதான். அன்றிலிருந்து மைன்ஸ் மூடுகிற வரை நீ கோவிந்தசாமி.

இதை யாரும் பொய் என்று சொன்னதில்லை. கம்பெனி கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் இப்படிப் பல குடும்பங்கள் உண்டு. அண்ணன் டோக்கனில் தம்பி, மாமன் டோக்கனில் மச்சான். கேஜ்காரருக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், சம்பளம் கொடுத்தவருக்கும் தெரிந்திருக்கும். தெரியாதது காகிதத்துக்கு மட்டும்தான்.

மைன்ஸ் மூடிய பிறகு நீ பெங்களூரில் ஒரு அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேன் ஆனாய். விடியற்காலை மாரிகுப்பம் ரயிலில் போய் வந்தாய். பிறகு பிளாட்பாரத்தின் நீளம் உனக்கு நடக்க முடியாமல் போயிற்று. கோலார் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு முழுக்கக் கல் தூசி, மருந்து கிடையாது, வீட்டில் ஆக்ஸிஜன் மிஷின் வைத்தால் கொஞ்சம் சுலபமாக இருக்கும் என்றார். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாய்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு அறக்கட்டளையில் வேலை கிடைத்தது. நம் வீட்டில் முதல் டிகிரி, முதல் மேஜை உத்தியோகம். "நீ துட்டு குடுக்கிறியா, வாங்கறியா?" என்று கேட்டாய். இரண்டும் இல்லை நைனா, யாரோ கொடுப்பார்கள், யாரோ செலவு செய்வார்கள், நடுவில் ஒப்பந்தம் எழுதி, அதன்படி நடக்கிறதா என்று பார்ப்பது என் வேலை என்றேன். உனக்குப் பிடித்துப்போயிற்று. "எம்பொண்ணு அக்ரிமெண்ட் எழுதறா" என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்தாய்.

அந்த அக்ரிமெண்ட் பற்றித்தான் எழுத வேண்டும். கை வரமாட்டேன் என்கிறது.

பழைய மைன்ஸ் ஆட்களுக்கு ஆக்ஸிஜன் மிஷின் கொடுக்க உதவி வேண்டும் என்று நம் ஊர்ச் சங்கம் ஒன்று அறக்கட்டளைக்கு எழுதியது. நடத்துகிறவர் பிலோமினா அக்கா. கோவிலுக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறைதான் அவருடைய ஆபீஸ் என்று உனக்குத் தெரியும். கோப்பு என் மேஜைக்கே வந்தது. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? ஒப்பந்தத்தை மூன்று முறை எழுதினேன்.

இறுதி செய்கிற கூட்டத்தில் தணிக்கை பார்க்கிறவர், வேறு ஒரு மாவட்டத்தில் இதுபோன்ற உதவி சுரங்கத்தையே பார்க்காதவர்களுக்குப் போய்விட்டது என்றார். அதனால் வேலைச் சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிஷின் இல்லை என்று ஒரு நிபந்தனை சேர்க்கச் சொன்னார். எங்கள் தலைமை மேடம் என் பக்கம் திரும்பினார்.

"நீ அந்த ஊர்ப் பெண்தானே? இதனால் அங்கே யாருக்காவது சிக்கல் வருமா?"

எட்டுப் பேர் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் தெரியும் என்றால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நாம் இருக்கிற லைன் வீடு கம்பெனிப் பதிவில் கோவிந்தசாமி பெயரில் இருக்கிறது. பட்டா வரும் வரும் என்று ஊரே காத்திருக்கிறது. "வெளிய போய் வாயத் தொறக்காதே" என்று சொல்லிச் சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள். அதோடு, சொல்ல வேண்டாமா நைனா, வெட்கமாகவும் இருந்தது. அந்தக் குளிர் அறையில், என் அப்பா அடுத்தவர் பெயரில் வேலை செய்தவர் என்று சொல்ல.

"வராது மேடம்" என்றேன்.

நிபந்தனையை நானே தட்டச்சு செய்தேன். ஒப்பந்தம் தயாரித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

உன்னை நான் மறக்கவில்லை, நம்பு. உனக்கு மிஷினை நானே வாங்கித் தருவதாக மனதுக்குள் வைத்திருந்தேன். ஆபீசில் சம்பள முன்பணம் கேட்டு விண்ணப்பம்கூட எழுதினேன். எழுதி, அனுப்பாமல், அடுத்த மாதம் கேட்கலாம் என்று வைத்தேன். அதற்கும் வாய் வரவில்லை.

ஐப்பசியில் பிலோமினா அக்காவிடமிருந்து இரண்டு பட்டியல் வந்தது, கிடைத்தவர்கள் ஒன்று, கிடைக்காதவர்கள் ஒன்று. ரயிலில் நின்றுகொண்டே போனில் பார்த்தேன். கிடைத்தவர்கள் பட்டியலை வரிவரியாகச் சரிபார்த்தேன். மற்றதைத் திறக்கவில்லை. கிடைக்காதவர்களை யார் சரிபார்க்கிறார்கள்? 'பார்த்தேன்' என்று குறித்து அனுப்பினேன். பங்காருபேட்டை வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

மார்கழிக் குளிரில் நீ போனாய். உன் சாவில் நடந்ததைக் கேள். மைன்ஸ் கூட்டாளிகள் வந்து "கோயிந்து, கோயிந்து" என்று அழுதார்கள். ஆம்பூரிலிருந்து வந்த அம்மா வழி அத்தை மிரண்டுபோய், "யாருடி கோயிந்து? தப்பான சாவுக்கு வந்துட்டாங்களா?" என்று என் காதில் கேட்டாள். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்து, அது அடங்காமல் பெரிய அழுகையாகிவிட்டது. ஜோசப் மாமா உன் தலைமாட்டில் உட்கார்ந்து, இருமி இருமி, "ஷிப்ட் முடிஞ்சிபோச்சி கோயிந்து, மேல வாடா" என்றார். இரண்டு பேரும் ஒரே கேங். ஒரே லெவலில் பாறை குடைந்தவர்கள். அவருக்கும் உன் நோய்தான்.

காரியம் முடிந்த அன்று பிலோமினா அக்கா வந்தார். என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனார்.

"கண்ணு, ஒன்னு சொல்லணும். உங்க நைனா மிஷின் கேட்டு என்கிட்ட வந்தாரு."

எனக்குப் புரியவில்லை. "எப்பக்கா?"

"பேரு எழுதினோமே, அப்போ. நடந்தே வந்தாரு. நாலு எடத்துல குந்தி குந்தி வந்தாரு. ரெண்டு பேப்பரும் குடுத்தாரு. பேரு வேற வேற. நா இன்னா பண்ணுவேன்? ரூலு அப்படி."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே அக்கா?"

"பண்றேன்னுதான் சொன்னேன். கைய புட்சிகினாரு. 'எம்பொண்ணு எழுதின அக்ரிமெண்டு. நா போய் நடுவுல நின்னா அவளுக்கு அசிங்கம், வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க'ன்னாரு. சத்தியம் வாங்கிகினாரு." அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பேப்பர்ல உன் சைன் எங்க கீதுன்னு கேட்டாரு. காட்டினேன். தடவிப் பாத்துட்டு, 'இன்னா அழகா போட்டுக்கிறா பாரு'ன்னு சொல்லிகினே போனாரு."

நைனா, அன்று சாயங்காலம் நீ என்னிடம் என்ன பேசினாய் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். எதுவுமே ஞாபகம் வரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பாயோ? நான் போனைப் பார்த்தபடியே 'ம்' என்றிருப்பேனோ?

மறுநாள் அந்தப் பட்டியலைத் திறந்தேன். பதினோரு பேர். ஆறாவது வரி நீ. விண்ணப்பித்தவர் ஏழுமலை, சான்றிதழில் கோவிந்தசாமி, முடிவு: பெயர் பொருந்தவில்லை. ஒன்பதாவது வரி ஜோசப் மாமா. அவர் தன் அக்கா புருஷனுடைய டோக்கனில் இறங்கியவர். பட்டியலின் அடியில் நான் 'பார்த்தேன்' என்று போட்டது இருந்தது.

வீட்டில் ஒரு வாரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவிடம், ஆபீசில் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"வீடு யாரு பேர்ல கீது தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"ஆளே போயிட்டாரு. இப்போ சொல்லி இன்னா வந்துடப்போவுது?"

"ஜோசப் மாமா இருக்காரும்மா."

அம்மா கழுநீரை வாசலில் கொட்டிவிட்டு வந்தாள். அரிசியை உலையில் போட்டாள். மறுநாள் நான் ரயிலுக்குச் செருப்பு மாட்டும்போது சொன்னாள்: "போய் சொல்லு. எழுத்துல எங்கியாச்சும் போடறதுன்னா பேர மட்டும் மாத்திடு. வீட்டப் பத்திக் கேட்டு எவனாவது வந்தா நா பாத்துக்கறேன். கோயிந்தசாமி பொண்டாட்டின்னு ரேஷன் கடைலேருந்து ஆஸ்பத்திரி வரிக்கும் நின்னவ நானு. எனக்கா பேசத் தெரியாது?"

கூட்டத்தில் எழுந்து நின்றேன். அந்த நிபந்தனை தப்பு, இந்த ஊரில் பாதிக் காகிதம் அண்ணன் தம்பி பெயரில் இருக்கிறது என்றேன். மேடம், "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"எங்க அப்பா அப்படித்தான் மேடம்."

"அன்றைக்கு உன்னைத்தானே கேட்டேன்?"

"ஆமாம். தெரிஞ்சே வராதுன்னு சொன்னேன்."

அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்டார். இல்லை என்றேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது நியாயம்தான். வேலை போகவில்லை. நிபந்தனையைத் திருத்த ஒத்துக்கொண்டார்கள்: பெயர் பொருந்தாவிட்டால், அந்த ஆளோடு ஒரே கேங்கில் வேலை செய்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். தணிக்கைக்காரர் இரண்டு என்பதில் நின்றுவிட்டார். திருத்தம் மேஜை மேஜையாகப் போய்ப் பங்குனிக் கடைசியில் கையெழுத்தானது. அதற்குள் பதினோரு பேரில் உன்னையும் சேர்த்து நாலு பேர் இல்லை.

மீதி ஏழு பேரில் ஆறு பேருக்குச் சாட்சி கிடைத்து மிஷின் போய்விட்டது. காகிதத்தை நானே வீடு வீடாக எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வீட்டில் மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே போக முடியவில்லை.

ஏழாவது ஆள் ஜோசப் மாமா. உங்கள் கேங்கில் மாமாவைத் தவிர இன்று உயிரோடு இருப்பதாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டாவது கையெழுத்து உன்னுடையதாக இருந்திருக்கும்.

"உங்க நைனா இருந்தா இந்நேரம் ரெண்டு பேர்லயும் சைன் போட்டிருப்பான்" என்றார் மாமா. சிரிக்கப் போய் இருமல் வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நகங்கள் நீலமாக இருந்தன. உனக்கும் கடைசியில் அப்படித்தான் இருந்தது.

ஒப்பந்தக் காலம் இன்னும் ஆறு வாரத்தில் முடிகிறது. முடிந்தால், கொடுக்காமல் மிச்சமிருக்கிற மிஷின் திரும்பிப் போய்விடும். அதற்குள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உங்களோடு இறங்கிய இன்னொரு ஆள் வேண்டும். ஊரை விட்டுப் போனவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள், பெங்களூரில், ஓசூரில், திருப்பத்தூர்ப் பக்கம். எந்தப் பெயரில் இருக்கிறார்களோ? இந்தக் கடிதத்தை எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுவது அதற்காகத்தான். படிக்கிறவர்கள் வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் பிலோமினா அக்காவின் அறைக்கு வரட்டும். எந்தப் பெயரில் வேலை செய்தீர்கள் என்று யாரும் அங்கே குற்றமாகக் கேட்க மாட்டார்கள்.

வருவார்கள் என்று காத்திருக்கப்போவதில்லை நைனா. நாளையிலிருந்து காலை ரயிலில் ஒரு பெட்டியில் ஏறி அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அடுத்த பெட்டியில் ஏறுவேன். உங்கள் கேங்கில் இருந்த யாரையாவது தெரியுமா என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கக் கேட்பேன். குரல் உடைந்தால் உடையட்டும். கையெழுத்து கிடைக்கிற வரைக்கும், இல்லை ஜோசப் மாமாவுக்கு அது தேவைப்படாமல் போகிற வரைக்கும், ஒரு நாள்கூட விடாமல் கேட்பேன். இது நான் உனக்குச் செய்து தருகிற சத்தியம்.

இப்படிக்கு,
நீ என்னிடம் கேட்காமலே போனதை இன்னொருவருக்காகக் கேட்கப் போகும்
உன் சின்ன மகள்