வராத வெர்ஷனுக்கு வந்த புத்தகம்

அன்பு மகன் பிராங்கிளினுக்கு, ராயபுரத்திலிருந்து அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம்தான் என்று தெரியும், நான் அனுப்புகிற செய்திக்கெல்லாம் நீலக் குறி இரண்டு தவறாமல் வந்துவிடுகிறது, பதில்தான் வருவதில்லை. என் புத்தகம் வெளிவந்த வாரம் பேசினவன் அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை. நார்வேயில் விரல் விறைத்துப்போகிற அளவுக்கா குளிர்? அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். இதில் நீலக் குறி விழாது, நீ படித்தாயா இல்லையா என்று நானும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இங்கே மழை விட்டபாடில்லை. சடையங்குப்பத்தில் தண்ணீர் ஏறி என் கம்ப்யூட்டர் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் ஒரு வாரம் வரவில்லை. அப்பா கால்வலியோடு மாடியேறி கிறிஸ்துமஸ் ஸ்டாரைக் கட்டிவிட்டு, கட்டச் சொன்னதே நான்தான் என்று என்னைத் திட்டினார். இனி விஷயத்துக்கு வருகிறேன், நீ இந்தப் பத்தியைத் தாண்டிப் போகப் பார்ப்பாய், போகாதே. என் புத்தகத்தின் ஜாதகம் உனக்குத் தெரியாததல்ல. வெப்சைட் கட்டுகிறவர்களுக்கு வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே செய்து கொடுக்கிற உங்கள் குழுவின் ஃபிரேம்வொர்க்கை நம் பிள்ளைகள் தமிழில் படிக்கட்டும் என்றுதான் எழுதினேன். முதல் பதிப்பு பைண்டிங்கில் இருக்கும்போதே அதை மாற்றினீர்கள். இரண்டாம் பதிப்புக்கு நான் வருவதற்காகவே காத்திருந்து மறுபடியும் மாற்றினீர்கள். வீட்டிலும் நீ ஒரு பொருளை எடுத்த இடத்தில் வைத்தவனில்லை, அப்படிப்பட்டவனைத்தான் தேடிப்பிடித்து அந்தக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஈஸ்டர் அன்று நீயே கூப்பிட்டு, அம்மா, அடுத்த வெர்ஷன்ல பக்கத்தோட முகவரியை அந்தப் பக்கத்து மேலேயே எழுதிடலாம், முகவரிக்குன்னு தனி ஃபைலே கிடையாது, இந்தத் தடவை நீ முந்திக்கோன்னு சொன்னாய். பெற்ற பிள்ளை உள்ளே இருக்கிறானே என்ற மிதப்பில் மூன்றாம் பதிப்புக்கு மூன்று அத்தியாயங்களைப் புதிதாக எழுதினேன். மண்ணடியில் பதிப்பகம் வைத்திருக்கும் அலி அக்பர் பாய் அட்டையில் ‘புத்தம் புதிய வெர்ஷனுக்கு’ என்று சிவப்பு எழுத்தில் போட்டார்.

புது வெர்ஷன் வந்தது. திருவொற்றியூர் வகுப்பில் பாடத்தை ஆரம்பித்தேன். காசிமேட்டு மீன் விலை காட்டும் பக்கம்தான் உதாரணம், வஞ்சிரமும் சங்கராவும் வரவேண்டிய இடத்தில் எல்லாத் திரையிலும் சிவப்பாகப் பிழைச்செய்தி. முதலில் பிள்ளைகள் தப்பாக அடித்திருப்பார்கள் என்று அவர்களைத்தான் கோபித்துக்கொண்டேன். வியாசர்பாடியிலிருந்து வரும் எழில்மொழி புத்தகத்தையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இன்னா மிஸ், புக்குல கீறது கம்ப்யூட்டர்ல இல்லியே, நீங்களே புதுசா ஒண்ணு கண்டுபுட்ச்சிட்டீங்களான்னு கேட்டாள். உங்கள் வெளியீட்டுக் குறிப்பைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்தப் புதுவழி இன்னும் சரிப்படவில்லை என்று கடைசி நேரத்தில் ஓட்டுப் போட்டு எடுத்துவிட்டீர்களாம். எடுக்கலாம் என்றவர்களில் உன் பெயரும் இருந்தது. அப்பா ஒரு நாள் முழுக்கச் சிரித்தார். முப்பது வருஷம் ஹார்பர்ல கிரேன் ஓட்டுனவன் நான், கப்பலே வராம சரக்கை எறக்குனது நீ ஒருத்திதாம்மேன்னு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அலி அக்பர் பாயோ, விடுங்க டீச்சர், அட்டையில ‘விரைவில்’னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாமான்னு கேட்டார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அச்சான புத்தகத்தைத் திருத்த முடியாது. ஆகவே நானும் பிள்ளைகளும் உட்கார்ந்து உங்கள் ஃபிரேம்வொர்க்கைத் திருத்தினோம். புத்தகத்தில் உள்ளபடி எழுதினால் உங்கள் வெர்ஷன் புரிந்துகொள்ளும்படி நடுவில் நின்று பேச ஒரு சின்ன நிரல், அவ்வளவுதான். நீங்கள் எதற்காக இதை எடுத்தீர்கள் என்பதும் செய்யும்போதுதான் புரிந்தது, இரண்டு பக்கத்துக்கு ஒரே முகவரி வந்தால் திண்டாடுகிறது. அதற்கும் ஒரு வழி செய்தோம், அது சரியா என்று எனக்கே சந்தேகம். இருந்தாலும் வஞ்சிரம் திரையில் வந்தபோது வகுப்பில் போட்ட கூச்சலைக் கேட்டு, கீழ்த்தளத்து டீக்கடைக்காரர் மேலே ஓடிவந்துவிட்டார்.

பிராங்கி, நீ ஓட்டுப் போட்டது சரிதான், உன் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் போட்டிருப்பேன். புத்தகம் போனதில் எனக்குக் கோபமில்லை, புத்தகம் தப்பாவது எனக்குப் பழகிப்போன விஷயம். அம்மா, எடுத்துட்டோம்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லையே, அதுதான் மனசைப் போட்டு அறுக்கிறது. என் முகத்தில் விழிக்கப் பயந்து ஒளிகிற வயசா உனக்கு? அப்பா சிரித்து முடித்த பிறகு தினமும் உன் நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடாமலே கீழே வைக்கிறார், அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதா உன்னை நிழல்போல் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்த நிரலை ஃபிரேம்வொர்க்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நேற்று உங்கள் குழுவுக்கே முறைப்படி அனுப்பிவிட்டேன். அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் என்று உன் பெயர் தானாக வந்து நின்றது. உங்கள் விதிகளையும் படித்துவிட்டேன், வேண்டாம் என்று தள்ளுவதாக இருந்தாலும் காரணத்தை விளக்கமாக எழுதித்தான் தள்ளவேண்டுமாம். தள்ளிவிடு, பரவாயில்லை. விளக்கமாக எழுது.

உன் பதிலுக்கு வரிசையில் நிற்கும்,
அம்மா,
டோரதி வால்டர்