துணி அலமாரிக்குள் என் குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

பின்னணிக் குரல் கொடுக்கப் பழகுகிறேன். எதிரொலி கேட்காமலிருக்க, துணி அலமாரிக்குள் உட்கார்ந்துதான் பதிவு செய்கிறேன். சட்டை எடுக்க வந்த அறைத்தோழி கதவைத் திறந்து அலறிவிட்டாள்!

இன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் முதல் வாய்ப்பு. மாத்திரை வேளையை நினைவூட்டும் கருவிக்குக் குரல். “மாத்திரை சாப்பிட்டீர்களா?” என்று எத்தனை தடவை சொல்லியும் ஒலிப்பதிவாளருக்குத் திருப்தியில்லை.

“படிக்காதீங்கம்மா, யாரையாவது கேளுங்க” என்றார்.

உங்களை நினைத்துக்கொண்டு கேட்டேன். பாதி கெஞ்சல், பாதி அதட்டல்.

“அட, இதான் வேணும்!” என்றார். அதே வார்த்தைகள்தான்; குரல் எப்படி மாறியது என்று இன்னும் யோசிக்கிறேன்.

செய்தித்தாளைச் சத்தமாகப் படித்து, பதிவு செய்து அனுப்புங்கள். அதைக் கேட்டு நான் உச்சரிப்புப் பழகத்தான். நடுவே அம்மா கூப்பிட்டால் நிறுத்த வேண்டாம், அதுவும் பதிவாகட்டும்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்; இதோ, பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்