சீட் பெல்ட்டின் அடியில் இருந்த தேதி

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, சின்னவள் மூன்று பேரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக உடுத்தி, சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். மனசளவில் எப்படி இருந்தோம் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன். யாருடைய உயிருக்கும் ஒன்றுமில்லை, அதனால் பதறாமல் உட்கார்ந்து படி. பன்னிரண்டு நாளாக அம்மா ஏன் போன் எடுக்கவில்லை என்று சின்னவளைத் துளைத்தெடுத்தாயாம், அவளும் போன் ரிப்பேர் என்று சமாளித்தாளாம். அது பொய். நான் சொல்லித்தான் சொன்னாள், உன் தங்கையைத் திட்டாதே. என் போன் துறைமுகத்து சுங்க ஆபீசில், என் பெயரும் ஒரு நம்பரும் எழுதிய பழுப்பு உறைக்குள் ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வண்டியைப் பற்றி நீயும் நானும் பேசியதெல்லாம் அதில் இருக்கிறதே, அதைப் படித்துப் பார்க்க வாங்கினார்கள், இன்னும் திருப்பித் தரவில்லை. சின்னவள் போனில் இதையெல்லாம் பேசவும் எனக்கு தைரியம் வரவில்லை. அதனால்தான் எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் பேனா பிடித்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய வேன் கப்பலில் வந்து இறங்கியதுவரை உனக்குத் தெரியும். ஸ்கூல் மேனேஜர் சில மாசத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, உங்க வேன்ல குலுங்கிக் குலுங்கிப் பிள்ளைங்க படிச்சதெல்லாம் உதிர்ந்துடுது, அடுத்த வருஷத்துக்கு வேற வண்டி பாருங்க என்று சொன்னதிலிருந்து நான் புலம்பிய புலம்பலுக்காகத்தானே, அங்கே ஜப்பானில் ஏல யார்டில் வண்டிகளைப் பரிசோதிக்கிற நீ, உன் கையாலேயே தேடிப் பிடித்து, நீச்சல் வகுப்புக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போன வண்டி, அடிபடாத வண்டி என்று அதை எனக்கு அனுப்பினாய். புகைச் சான்றிதழ், கிலோமீட்டர் சான்றிதழ், கப்பல் ரசீது, ஏற்றுமதிப் பத்திரம் என்று ஒரு கத்தைக் காகிதத்தை அப்பா நாலு நகல் எடுத்து, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். இதில் எதுவும் குறைச்சல் இல்லை என்றுதான், துறைமுகத்திலிருந்து வண்டியை விடுவித்துத் தருகிற கிளியரிங் ஏஜெண்ட்டும் சொன்னார். நானும் புது வண்டியில் எந்தப் பிள்ளையை எந்த சீட்டில் உட்கார வைப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் நோட்டீஸ் வந்தது. நேரில் வரவும், அசல் ஆவணங்களும் கைப்பேசியும் கொண்டுவரவும் என்று இரண்டே வரி. போனேன். நம் வேன் யார்டின் ஒரு மூலையில், சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டி, கண்ணாடியில் சுண்ணாம்புக்கட்டியால் நம்பர் எழுதி நின்றது. விசாரித்தது ஒரு பெண் அதிகாரி, சின்னவளைவிடப் பத்து வயசுதான் கூட இருக்கும், ஜலதோஷம் போல, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினார். கப்பலில் ஏற்றும் நாளன்று வண்டி செய்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது இங்கே சட்டம், அது உனக்கும் தெரியும். உன் பத்திரத்தில் நாலு வருஷம் பதினோரு மாசம் என்று கணக்கு வருகிறது. ஆனால் அந்தத் தேதி வண்டியை முதலில் பதிவு செய்த தேதி, செய்த தேதி இல்லையாம். செய்த பிறகு மூன்று மாசம் அது ஷோரூமில் நின்றிருக்கிறது. ஜப்பானுக்குள்ளேயே ஓடுவதற்காகச் செய்கிற வண்டிகளில் சேசிஸ் நம்பர்தான் அடித்திருப்பார்கள், செய்த மாசம் இருக்காது, அதனால் இவர்கள் சீட் பெல்ட்டைப் பார்ப்பார்களாம். பெல்ட்டின் அடியில், தரைக்குப் பக்கத்தில் ஒரு துணி லேபிள் தைத்திருக்கும், அதில் பெல்ட் செய்த மாசமும் வருஷமும் இருக்கும். நம் வேனில் பின் சீட் பெல்ட்டுகளில் அந்த லேபிள்களை யாரோ அறுத்து எடுத்திருக்கிறார்கள். கடைசி வரிசையில் மடக்கி வைத்த ஒரு சீட்டில் மட்டும் லேபிள் தப்பித்திருக்கிறது. அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, சேசிஸ் நம்பரைக் கம்பெனியிடம் அனுப்பிக் கேட்டதில், வண்டிக்கு ஐந்து வருஷம் இரண்டு மாசம் என்று பதில் வந்திருக்கிறது.

வயசு கூடினால் வண்டியைத் திருப்பி அனுப்பலாம்மா, அது ஒரு தப்பு, ஆனா வயசைத் தெரிஞ்சே மறைச்சா அது வேற, அதுக்குக் கேஸ் உண்டு, ஜெயிலும் உண்டு, வண்டி உங்க பேர்ல வந்திருக்கு, அனுப்பினது உங்க பையன், ரெண்டு பேர்ல யார் அறுத்ததுன்னு யோசிச்சு வந்து சொல்லுங்க, பத்து நாள் தர்றேன் என்றார் அந்த அதிகாரி. கத்தவில்லை, மிரட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வெளியே வந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும், டிக்கெட்டுக்குக் காசு எடுக்கக்கூடக் கைக்குப் பையைத் திறக்கத் தெரியவில்லை.

அந்தப் பத்து நாளை எப்படித் தள்ளினோம் என்று எழுதினால் நீ சிரிப்பாயோ அழுவாயோ. காலிங்பெல் அடித்தால் அப்பா ஃபேனை நிறுத்திவிட்டு, கையில் பேப்பரோடு அப்படியே சிலை மாதிரி நிற்பார், ஃபேன் ஓடாவிட்டால் வீட்டில் ஆள் இல்லை என்று வந்தவர் நினைத்துக்கொள்வாராம். ஒருநாள் அப்படி நின்றதில் கேஸ் சிலிண்டர்காரர் திரும்பிப் போய்விட்டார், இரண்டு நாள் சமையலுக்குத் திண்டாடினோம். என்னைப் பிடித்துக்கொண்டு போனால் எடுத்துப்போக என்று அவரே ஒரு பை தயார் செய்து கதவுக்குப் பின்னால் வைத்தார். சின்னவள் திறந்து பார்த்தால் என் பிரஷர் மாத்திரை, ஒரு துண்டு, பாதி தீர்ந்த பேஸ்ட், மடித்து வைத்த அவருடைய சட்டை இரண்டு. அவள் சிரிக்கப்போய், சிரிக்க முடியாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானோ பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, வாசலில் தயாராக நின்ற ஒரு பிள்ளையை ஏற்றாமலே வேனை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். அந்தப் பிள்ளையின் அம்மா ஸ்கூட்டரில் துரத்தி வந்து நிறுத்தினாள். எனக்கு முன்னால் போன போலீஸ் ஜீப்பைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஏஜெண்ட் ஆறாம் நாள் வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கும் பயம், தன் லைசென்ஸ் போய்விடுமோ என்று. கையோடு ஒரு வாக்குமூலம் டைப் செய்து கொண்டுவந்திருந்தார். வாகனத்தைப் பரிசோதித்து அனுப்பியவர் என் மகன், லேபிள்கள் அகற்றப்பட்டது அவர் பொறுப்பு, எனக்கு எதுவும் தெரியாது என்று நாலே வரி. அக்கா, கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க, நீங்க இங்க இருக்கீங்க, உங்களைப் பிடிப்பாங்க, தம்பி கடல் தாண்டி இருக்கான், அவனைப் போய் யார் பிடிச்சுட்டு வரப்போறா என்றார். அப்பா மேஜையில் கிடந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை எடுத்துவிட்டேன். உன்னிடம் மறைக்க மாட்டேன், மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். பிறகு, அவன் ஊருக்கு வரும்போது என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கு அவர், ஒரு அஞ்சாறு வருஷம் வராம இருக்கட்டுமேக்கா, போன்லதான் முகம் பார்த்துப் பேசிக்கறீங்களே என்றார். பேனாவை மூடிவிட்டேன். நீ வந்து போய் நாலு வருஷம் ஆயிற்று, அதோடு இன்னும் ஆறு. எனக்குக் கணக்குப் போட வரவில்லை. எழுந்துபோய் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன், அவர் குடித்துவிட்டுக் காகிதத்தை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் காலையும் பிள்ளைகளை ஏற்றப் போனேன், சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். புதிதாகச் சேர்ந்த ஒரு பொடியனுக்கு பெல்ட் மாட்டத் தெரியவில்லை, நான் குனிந்து அதை இழுத்துப் பூட்டினேன். பெல்ட்டின் அடியில் என் விரலில் ஏதோ நெருடியது. பார்த்தால் அறுத்த லேபிளின் அடிக்கட்டை. என்னுடைய வேனில்! பிள்ளைகள் உட்காரும் எல்லா சீட்டிலும் பார்த்தேன், எதிலும் லேபிள் இல்லை. அறுத்தது நானேதான். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் தொடையில் சிவப்பாகக் கீறிக்கொண்டு அழுதாள், லேபிள் நுனி விறைப்பாக இருந்து குட்டைப் பாவாடை போட்ட பிள்ளைகளின் காலை உரசுகிறது என்று, தையல் கத்தரியைக் கொண்டுபோய் வரிசையாக எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினேன். சுத்தமாக மறந்தே போய்விட்டது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், நான் அந்த அடிக்கட்டையைத் தடவிக்கொண்டே நின்றேன்.

பிள்ளைகளை ஸ்கூலில் இறக்கிவிட்டு, அதே வேனில் நேராகத் துறைமுகத்துக்குப் போனேன். ஏஜெண்ட் வாசலில் நின்று கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தீங்களா என்றார், இல்லை என்றேன், அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்தேன். என்ன சொல்றீங்கம்மா, யார் அறுத்தது என்றார். மேடம், அங்க இருக்கற வண்டியை யார் அறுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது, ஆனா வெளிய நிக்கிற என் வேன்ல பிள்ளைங்க காலைக் கீறுதுன்னு நான்தான் அறுத்தேன், தயவுசெய்து ஒரு தடவை வந்து பாருங்க என்றேன். ஏஜெண்ட் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். அதிகாரி என்னை உற்றுப் பார்த்தார், பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். என் வேனில் ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்தார், பிறகு டிரைவர் சீட்டைப் பார்த்தார். இது மட்டும் அப்படியே இருக்கே என்றார். அங்கதான் எந்தப் பிள்ளையும் உட்காராதே மேடம், அந்த வண்டிலயும் டிரைவர் சீட்டைப் பாருங்க என்றேன். யார்டுக்குப் போனோம், நாடாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். டிரைவர் பெல்ட்டில் லேபிள் இருந்தது, வெயிலில் எழுத்து வெளுத்துப்போனதால் முதலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேதியை மறைக்கிறவங்க முதல்ல டிரைவர் சீட்டுலதானே கை வைப்பாங்க மேடம், இது நீச்சலுக்குப் போற பிள்ளைங்க ஏறின வண்டி, ஈரத் தொடையோட உட்கார்ந்திருக்கும், மடக்கி வெச்ச சீட்டுல யாரும் உட்கார்ந்திருக்க மாட்டாங்க, அதான் அதுல அறுக்கலை என்று மூச்சு விடாமல் சொன்னேன். எனக்கு அப்படிப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. அவர் மறுபடியும் குனிந்தார். ஒரு அடிக்கட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் நெருடிக்கொண்டே இருந்தார். நூல் பிரிந்து, அழுக்கேறிக் கறுத்து, சின்ன உருண்டைகளாகக் கட்டியிருந்தது, என் வேனில் இருந்த அதே மாதிரி. கடைசியில், இது போன மாசம் அறுத்தது இல்லை, வருஷக்கணக்கா ஆகியிருக்கு என்றார். நான் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மறைத்தார்கள் என்ற குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள், உன் மேலும் இல்லை, என் மேலும் இல்லை. நேற்று எழுத்தில் உத்தரவு கையில் வந்த பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஆனால் வயசு வயசுதான்மா, அதை என்னால குறைக்க முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். நல்லவேளை அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி முப்பது நாளுக்குள் திரும்பிப் போயாக வேண்டும், இல்லையென்றால் நொறுக்கிவிடுவார்கள். திருப்பி அனுப்பவே எழுதிக் கொடுத்துவிட்டேன், அடுத்த கப்பலில் நீ இருக்கும் துறைமுகத்துக்கே வருகிறது. ஸ்கூலில் அடுத்த வருஷத்துக்கு என்ன செய்யப்போகிறேன் என்று இன்னும் தெரியவில்லை. அந்தப் பயம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதை வைத்துக்கொண்டு சாப்பிடவும் தூங்கவும் முடிகிறது.

இனிமேல் எழுதப்போவதை அப்பாவிடமும் சொல்லவில்லை. அந்த அதிகாரி அறுத்திருக்கிறார்கள் என்று சொன்ன அந்த நிமிஷமே, நீதான் அறுத்திருப்பாய் என்று நான் நினைத்துவிட்டேன். ஆறாம் வகுப்பில் கணக்கு மார்க்கில் முன்னால் இருந்த மூன்றை பிளேடால் சுரண்டிவிட்டு எட்டு என்று எழுதினாயே, அதுதான் கண் முன்னால் வந்து நின்றது. அம்மாவுக்கு வண்டி வேண்டும் என்ற அவசரத்தில் பிள்ளை இதைச் செய்திருப்பான் என்று தோன்றியது, தோன்றியது போகவே இல்லை. அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடாதது உன்னை நம்பியதால் இல்லை. நீ செய்திருந்தாலும் உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதால். போலீஸைவிட, ஜெயிலைவிட, இதற்குத்தான் அந்தப் பத்து நாளும் நான் அதிகம் பயந்தேன், அது நீயாக இருந்துவிடக் கூடாதே என்று. உன் கை அதில் படவில்லை என்று ஒரு வெளி மனுஷி டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் உன் அம்மாவுக்குத் தெரிந்தது. இதை எழுதாமல் விட்டிருந்தால் உனக்குத் தெரியவே போவதில்லை, ஆனால் உன்னோடு பேசும்போதெல்லாம் நான் இதை மறைத்துக்கொண்டே பேச வேண்டியிருக்கும்.

இனி யாருக்கு வண்டி பார்த்தாலும் பதிவுத் தேதியை நம்பாதே, சேசிஸ் நம்பரைக் கொடுத்துச் செய்த மாசத்தைக் கம்பெனியிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். ராத்திரி வேலையில் காதுக்குத் துணி கட்டிக்கொள். நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக முடியவும், நீண்ட ஆயுளோடு நிம்மதியாக இருக்கவும் அம்மாவும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். விடுமுறை எப்போது கிடைக்கும் என்று கேட்டு வை, இப்போது நீ தாராளமாக வரலாம், யாரும் உன்னை எதுவும் கேட்க மாட்டார்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்று சின்னவள் நம்பருக்குக் கூப்பிடு. பிள்ளைகளை இறக்கிவிட்டு நாலரை மணிக்கு வீட்டில் இருப்பேன், அந்த நேரத்தில் அப்பா கடைத்தெருவுக்குப் போயிருப்பார். கோபமாகத் திட்ட வேண்டும் என்றிருந்தால் திட்டிவிடு, நான் போனை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா